பாங்காக்கில் ஒரு சுவரொட்டி: முனைவர் பட்ட ஆய்வாளரின் மாநாட்டு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 10, 2024, சனி

கணினியைக் கொண்டு மொழிகளை ஆராயும் கணினிமொழியியல் சங்கத்தின் 62ஆம் ஆண்டு மாநாடு நாளை தொடங்கி 16ஆம் தேதி வரை பாங்காக்கில் நடைபெறுகிறது. அதன் ஓர் அங்கமான மாணவர் ஆய்வுப் பட்டறையில் என் ஆய்வேட்டு முன்மொழிவைச் சுவரொட்டியாக, அதாவது ஆய்வைச் சுருக்கிக் காட்டும் ஒரே பெரிய தாளாக, பலகையில் மாட்டி விளக்க வந்திருக்கிறேன். கட்டுரை எப்படி ஏற்கப்படுகிறது, மாநாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அங்கே போய் என்னதான் கிடைக்கிறது என்று உடன் ஆய்வு செய்யும் நண்பர்கள் தொடர்ந்து கேட்பதால், இங்கு காண்பதை அன்றன்றே எழுதிவிடத் தீர்மானித்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக் வந்துவிடுகிறது. சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்து புறப்படும் ரயிலில் 45 பாட் கொடுத்துப் பாயா தாய் நிலையம் வரை வந்து, அங்கே மேம்பால ரயிலுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் சியாம். அங்கிருந்து தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும் நடைபாதையிலேயே நடந்து, மாநாடு நடக்கும் சென்ட்ரல்வேர்ல்டு வளாகத்துக்குப் போய்விடலாம். வளாகத்தின் முன்னால் பிள்ளையாருக்கும் திரிமூர்த்திக்கும் சன்னிதிகள் இருக்கின்றன. தாய்லாந்து இளைஞர்கள் செந்நிற ரோஜாக்களுடன் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த ஊருக்கு வர விசா தேவைப்படவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்கள் 60 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்று தாய்லாந்து அறிவித்துவிட்டது. சென்ற ஆண்டு இதே மாநாடு டொரான்டோவில் நடந்தபோது, கட்டுரை ஏற்கப்பட்டும் விசா வந்து சேராததால் ஊரிலிருந்தே காணொளியில் பேச நேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். மாநாடு எந்த நாட்டில் நடக்கிறது என்பது, எந்த நாட்டு மாணவர்களின் குரல் அரங்கில் கேட்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. பாங்காக்கைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நான் உண்மையாகவே நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இனி பணம். பதிவுக் கட்டணம், விமானம், தங்குமிடம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்திலிருந்து பெற முயல்வதைவிட, ஒவ்வொன்றுக்கும் தனி வழி தேடுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மத்திய அரசின் அறிவியல் நிதி அமைப்பு பன்னாட்டுப் பயண உதவித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கணினித் துறை மாணவர்களுக்கு, கணினி அறிஞர்களின் அமைப்புகளான ஏசிஎம் இந்தியாவும் ஐஏஆர்சிஎஸ்ஸும் சேர்ந்து வழங்கும் பயண உதவித்தொகை இருக்கிறது. மாநாட்டை நடத்தும் சங்கமே பன்மைத்துவ உதவி என்ற பெயரில் கட்டணத்தைக் குறைக்கிறது; மாணவர் தன்னார்வலராகச் சில மணி நேரம் வேலை செய்ய ஒப்புக்கொள்வோருக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. நான் தன்னார்வலராக வந்திருக்கிறேன். விமானக் கட்டணத்தை ஓர் உதவித்தொகை ஏற்றுக்கொண்டது. அறை வாடகையை மாத உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன். ஏற்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பத்தைத் தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் துறைத்தலைவர், பதிவாளர், நிதிப்பிரிவு என்று கையெழுத்துகள் நகரும் வேகம் மாநாட்டின் காலக்கெடுவோடு ஒருபோதும் ஒத்துப்போவதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று பயிலரங்குகள் நடக்கும் நாள். காலை முழுவதும் எனக்குப் பதிவு மேசையில் வேலை. பெயரைக் கேட்டு, பட்டியலில் தேடி, பெயர் அட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சிறிய வேலையாகத் தோன்றினாலும், இதுவரை கட்டுரைகளின் முதல் பக்கத்தில் மட்டும் பார்த்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக நேரில் வந்து நிற்பதைக் காண இதைவிட நல்ல இடம் இல்லை. தனியாக வரும் மாணவர்கள், குறிப்பாகக் கூட்டத்தில் பேசத் தயங்குபவர்கள், தன்னார்வலர் பணியைக் கட்டணச் சலுகைக்காக மட்டுமல்லாமல் இதற்காகவும் எடுத்துக்கொள்ளலாம்.

பிற்பகல் ஓய்வாக இருப்பதால், கட்டுரை இங்கே வந்து சேரும் பாதையை எழுதிவிடுகிறேன்.

எங்கள் துறையில் முக்கியமான மாநாடுகளுக்கான கட்டுரைகள் இப்போது ‘சுழல் மதிப்பீடு’ என்று சொல்லத்தக்க ஒரு பொது அமைப்பின் வழியாகவே செல்கின்றன. இந்த 2024இல் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அதில் கட்டுரை அனுப்பலாம். ஆசிரியர் பெயர் மதிப்பீட்டாளருக்கும், மதிப்பீட்டாளர் பெயர் ஆசிரியருக்கும் தெரியாது. பொதுவாக மூவர் படித்து மதிப்பெண்ணும் கருத்தும் எழுதுவார்கள். நாம் பதில் எழுதலாம். மூத்தவர் ஒருவர் எல்லாவற்றையும் தொகுத்துத் தன் முடிவை எழுதுவார். அந்தத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மாநாட்டுக்கு அளிப்பது என்று நாம் தீர்மானிக்கலாம். போதாது என்று தோன்றினால் திருத்தி அடுத்த சுற்றில் மீண்டும் அனுப்பலாம். இந்த மாநாட்டுக்கான கட்டுரைகள் பிப்ரவரி 15 அன்று அனுப்பப்பட்டன. முடிவு மே 15 அன்று வந்தது. மூன்று மாதத்தில் மூன்று அறிஞர்களின் எழுத்துப்பூர்வமான கருத்து கிடைப்பது, ஆய்விதழ்களின் முடிவுக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பழகியவர்களுக்குப் பெரிய செய்தி.

நீண்ட கட்டுரைக்கு எட்டுப் பக்கம், குறுங்கட்டுரைக்கு நான்கு பக்கம் என்பது எல்லை. இதற்கு வெளியே, பக்கக் கணக்கில் சேராமல், ‘குறைபாடுகள்’ என்ற பகுதியைக் கட்டாயம் எழுத வேண்டும். அது இல்லாத கட்டுரை மதிப்பீட்டுக்கே போகாது. நம் ஊரில் ஆய்வேட்டின் கடைசி இயலில் ‘மேலாய்வுக்குரிய களங்கள்’ என்று நாலு வரி எழுதி முடிக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. எந்தத் தரவில் சோதித்தோம், எதில் சோதிக்கவில்லை, எந்த மொழி பேசுவோருக்கு இந்த முடிவு பொருந்தாமல் போகலாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னதற்காக மதிப்பீட்டாளர் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதும் அவர்களுக்கான அறிவுரையிலேயே இருக்கிறது.

ஆய்வின் முதல் ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு மாணவர் ஆய்வுப் பட்டறையை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அதில் ஆய்வுக் கட்டுரையும் அனுப்பலாம், ஆய்வேட்டு முன்மொழிவும் அனுப்பலாம். அனுப்புவதற்கு முன்பே ஒரு மூத்த ஆய்வாளர் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடும் அதில் உண்டு. ஏற்கப்பட்டவை சங்கத்தின் இணையக் களஞ்சியத்தில் மற்றக் கட்டுரைகளோடு நிரந்தரமாக இடம்பெறுகின்றன. யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம், வெளியிடுவதற்கென்று ஆசிரியரிடமும் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தாய்லாந்தில் இன்று அன்னையர் தினம். ராஜமாதா சிரிகித்தின் பிறந்தநாள். தெருவெங்கும் நீலத் துணியும் மல்லிகைச் சரமுமாக இருக்கிறது.

தொடக்க விழாவும் அமர்வுகளும் ஒருபுறம் இருக்க, இன்றைக்கு நான் எழுத விரும்புவது மதிய உணவு மேசையில் நடந்த பேச்சைப் பற்றித்தான். இந்தியாவிலிருந்து வந்திருந்த மாணவர்கள் சிலர் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் பேச்சு எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு வந்துவிட்டது: “உங்க யூனிவர்சிட்டியில இந்த மாநாட்டுக் கட்டுரையைக் கணக்குல எடுத்துக்குறாங்களா?”

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு மதிப்பீட்டு ஆய்விதழில் ஒரு கட்டுரையும், மாநாடுகளில் இரண்டு கட்டுரை வாசிப்பும் வேண்டும் என்றன. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகள் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று விதி வகுத்துக்கொள்ளலாம் என்பதால், பல இடங்களில் பழைய எண்ணிக்கையும் அதைவிடக் கூடுதலும் அப்படியே தொடர்கின்றன. ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள ஆய்விதழ் என்றால் ஏற்பு, மாநாட்டுத் தொகுதி என்றால் மறுப்பு என்று சில இடங்களில் இருக்கிறது. மற்றத் துறைகளில் ஆய்விதழ் வகிக்கும் இடத்தைக் கணினி அறிவியலில் பெரும்பாலும் மாநாடுகளே வகிக்கின்றன என்பதை ஒவ்வொரு ஆய்வுக்குழுக் கூட்டத்திலும் மாணவர் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணிக்கை நெருக்கடியில்தான் போலி ஆய்விதழ்களும் போலி மாநாடுகளும் செழிக்கின்றன. “தங்கள் மேன்மையான கட்டுரையைப் படித்தோம்” என்று தொடங்கி, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஏற்பு என்று உறுதி கூறி, கடைசி வரியில் வங்கிக் கணக்கைத் தரும் மின்னஞ்சல்கள் மேசையில் இருந்த அனைவருக்கும் வந்திருக்கின்றன. பொறியியல், மருத்துவம், மேலாண்மை, மானுடவியல் அனைத்துக்கும் ஒரே விடுதியில் ஒரே நாளில் ‘பன்னாட்டு மாநாடு’ நடத்துபவர்களும் உண்டு. சான்றிதழ் கிடைக்கும், கேள்வி கேட்க ஒருவரும் இருக்க மாட்டார். எனக்கு இதில் வரும் கோபம் பணம் போவதைப் பற்றியது மட்டும் அன்று. மூன்று ஆண்டு உழைப்பை ஒருவர்கூடப் படிக்காமல் அச்சேற்றிவிடுவது அந்த மாணவருக்குச் செய்யும் அநீதி. அந்த அநீதிக்கு மாணவரையே பணம் கட்ட வைக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த மூத்த மாணவி ஒருவர் தன் வழியைச் சொன்னார். முதலில் மாநாட்டில் வெளியிட்டு, அங்கே கிடைக்கும் கேள்விகளை வைத்துச் சோதனைகளை விரிவாக்கி, அதே ஆய்வை ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். பல ஆய்விதழ்கள் கால் பங்குக்குக் குறையாத புதிய உள்ளடக்கம் இருந்தால் இதை ஏற்கின்றன. முந்தைய கட்டுரையை முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். “டேலிப் மாதிரி ஆசிய மொழிகளுக்குன்னே இருக்கிற ஜர்னலைப் பாருங்க, தமிழ்னா என்னன்னு முதல்ல இருந்து விளக்க வேண்டியிருக்காது” என்றார். நான் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று என் சுவரொட்டி.

ஏ0 அளவு என்றால் ஏறத்தாழ 84க்கு 119 சென்டிமீட்டர். தாளில் அச்சிட்டால் அதற்கென்று ஒரு நீண்ட குழாயை விமானத்தில் தூக்கிவர வேண்டும். நான் திருவல்லிக்கேணியில் துணியில் அச்சிட்டு, புடவை மடிப்பதுபோல் மடித்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பலகையில் ஊசி குத்தி நீவிவிட்டதும் சுருக்கம் போய்விட்டது. அமர்வு ஒன்றரை மணி நேரம். எதிரே வருபவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல ஒன்றும், நின்று கேட்பவருக்குப் பத்து நிமிடத்தில் சொல்ல ஒன்றும் என இரண்டு விளக்கங்களை ஆய்வகத்தில் அக்காமார்கள் முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆய்வின் மையம் இதுதான். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெருமொழி மாதிரிகள் உரையை எழுத்தாகவோ சொல்லாகவோ படிப்பதில்லை; டோக்கன் எனப்படும் துண்டுகளாகப் படிக்கின்றன. ‘பள்ளிக்கு’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் ஒருங்குறியில் அது ஒன்பது குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) என்பதால் மொத்தம் 27 பைட். பைட்டுகளிலிருந்து துண்டு சேர்க்கும் ஒரு முறை, பெரும்பாலும் ஆங்கில உரையில் பயிற்றுவிக்கப்பட்டிருந்தால், இந்தச் சொல்லைப் பொருளே இல்லாத துகள்களாக உடைத்துவிடும். துண்டு கூடக்கூடச் செலவும் கூடுகிறது, மாதிரி ஒரே நேரத்தில் நினைவில் வைக்கக்கூடிய உரையும் குறைகிறது. வேரும் வேற்றுமை உருபும் சேரும் இடத்தில் பிரித்தால் என்ன ஆகும் என்பதே என் முன்மொழிவு. அதற்கு மூன்று இயல்கள் திட்டமிட்டிருந்தேன்.

முதலில் வந்தவர் துருக்கியிலிருந்து வந்த ஆய்வாளர். அவர் மொழியும் நம்முடையதைப் போல ஒட்டு மேல் ஒட்டாகச் சொல்லை நீட்டும் மொழி. படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். உருபின் எல்லையில் சரியாக வெட்டுவதும், மொழிபெயர்ப்போ வினாவிடையோ மேம்படுவதும் ஒன்றாகவே நடக்கும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? எங்கள் மொழியில் சில நேரம் நடக்கிறது, சில நேரம் நடப்பதில்லை என்றார். இரண்டையும் தனித்தனியாக அளந்து, அவற்றுக்கிடையே உறவு இருக்கிறதா என்று பார்ப்பதையே ஓர் இயலாக்கலாம் என்பது அவர் யோசனை.

அடுத்து வந்த தாய்லாந்து மாணவியை நான் மறக்க மாட்டேன். என் கட்டுரையைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ‘குறைபாடுகள்’ பகுதியில், சோதனை உரை அனைத்தும் செய்தித்தாள் நடை, பேச்சுத்தமிழ் இல்லை என்று நான் எழுதியிருந்த வரியின் கீழே பென்சிலால் கோடிட்டிருந்தார். அவர் ஆய்வுக்கும் அந்த வரியே வாசல் என்றார். தாய்லாந்து மொழியில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதில் அம்மொழி பேசுவோரே ஒருவரோடு ஒருவர் உடன்படாத இடங்கள் நிறைய. ஆகவே அவர்கள் குழு இயந்திரத்தைச் சோதிக்கும் முன் மனிதர்களைச் சோதிக்கிறது. ஒரே உரையைப் பலரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லி, எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கிறார்கள். அந்த அளவைத் தாண்டி இயந்திரத்திடம் எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

“வந்துட்டிருக்கான்” என்பதை எங்கே வெட்டுவது? மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் யாழ்ப்பாணத்தவரும் ஒரே இடத்தில் வெட்டுவார்களா? எழுத்துத் தமிழில் இலக்கண நூல் துணைக்கு வரும், பேச்சில் வராது. அந்த மாணவியிடம் நான் பத்து நிமிடம் விளக்க நினைத்திருந்ததெல்லாம் பின்னுக்குப் போய், இருவரும் ஒரு தாளில் தமிழும் தாய்லாந்து மொழியும் எழுதி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஒரு மூத்த பேராசிரியர் மூன்று இயல்களையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இயலை விடுவீர்கள்?” என்று கேட்டார். நான் மூன்றாவது என்றேன். ஏன் என்றார். காரணத்தைச் சொல்லச் சொல்ல, அது உண்மையில் இரண்டாவது இயலின் ஒரு பகுதிதான் என்பது எனக்கே விளங்கியது. அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போனார்.

சுவரொட்டி அமர்வு முடிந்ததும் தேநீருக்குப் போகாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து எல்லாக் கேள்விகளையும் நோட்டில் எழுதினேன். கேட்டவர் பெயர், கேட்ட சொற்கள், நான் சொன்ன பதில், சொல்ல முடியாமல் போனது என்று நான்கையும் பிரித்து எழுதுவது உதவுகிறது. இரவுக்குள் பாதி மறந்துவிடும்.

ஆகஸ்ட் 14, புதன்

பாங்காக் இன்று வேறு செய்தியில் மூழ்கியிருக்கிறது: அரசியலமைப்பு நீதிமன்றம் பிரதமர் ஸ்ரெத்தா தவிசினைப் பதவிநீக்கம் செய்துவிட்டது. தேநீர் மேசையில் இருந்த பணியாளர்கள் கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதன்மை மாநாடு இன்றோடு முடிகிறது. மூன்று முதன்மை உரையாளர்களில் இருவர் நமக்கு அணுக்கமானவர்கள். ஒருவர் ஐஐடி பம்பாயின் சுனிதா சராவகி; இன்னொருவர் சென்னை ஐஐடியில் பி.டெக். படித்து இப்போது அரிசோனாவில் பணியாற்றும் சுப்பாராவ் கம்பம்பாட்டி. பெருமொழி மாதிரிகளால் உண்மையிலேயே திட்டமிட முடியுமா என்ற அவர் கேள்வி, அரங்கை விட்டு வெளியே வந்த பிறகும் என்னை விடவில்லை. மூன்றாமவர் பார்பரா பிளாங்க், மொழியில் உள்ள வேறுபாடுகளைப் பிழையாகக் கருதித் துடைத்துவிடாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். நேற்று தாய்லாந்து மாணவி சொன்னதன் அருகில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

சிறந்த கட்டுரைகளாக அறிவிக்கப்பட்டவற்றுள் 101 மொழிகளுக்கான ‘ஆயா’ என்ற பெருமொழி மாதிரியைப் பற்றியதும் ஒன்று. அந்த 101இல் தமிழும் இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்றும் நாளையும் பட்டறைகள். பெரிய அரங்குகள் போய்ச் சிறிய அறைகள் வந்துவிட்டன. முதல் மாநாட்டுக்கு வரும் ஆய்வு மாணவருக்கு இவையே மிகவும் பயன்படும் நாள்கள் என்பது என் கருத்து. விமானச் சீட்டு எடுக்கும்போது இந்த இரண்டு நாளை வெட்டிவிட வேண்டாம். தரவு குறைந்த மொழிகளின் மொழிபெயர்ப்புக்கான பட்டறையில் நான் இருந்தேன். துருக்கிய மொழிகளுக்கென்று முதன்முறையாக ஒரு பட்டறையும் இந்த மாநாட்டில் நடக்கிறது. சிறிய அறையில் கேள்வி கேட்க ஒலிவாங்கி தேவைப்படுவதில்லை, பதில் பாதியில் நிற்பதும் இல்லை.

இடைவேளைகளில் சங்கத்தின் தலைவர் எமிலி பெண்டர் ஆற்றிய உரையே பேச்சு. இது செயற்கை நுண்ணறிவு மாநாடு அல்ல என்று அவர் சொன்னதை ஏற்றும் மறுத்தும் சூடாக விவாதிக்கிறார்கள். தமிழை மொழியாகக் கற்க வேண்டும் என்று இந்தத் துறைக்கு வந்தவள் என்ற முறையில், மொழியைப் பற்றிய கேள்விகள் பின்வரிசைக்குத் தள்ளப்படுகின்றன என்ற அவர் கவலை எனக்குப் புரிகிறது.

மாலையில் நெறியாளருடன் தொலைபேசியில் பேசினேன். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மூன்றாம் இயலைப் பற்றிச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதை ரெண்டாவதுலயே சேர்த்துடும்மா. அந்த மனுஷங்க பிரிக்கிற சோதனையை முதல்ல வை. மத்ததெல்லாம் அதுக்கு மேலதான் நிக்கும்” என்றார். “சரிங்க மேடம்” என்றேன். ஓராண்டாக ஆய்வுக்குழுவில் இழுத்துக்கொண்டிருந்த இயல் வரிசை முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இரவு விமானம். காலையில் தன்னார்வலர் பணியின் கடைசிப் பகுதியாக ஒரு பட்டறையில் காணொளி இணைப்பைப் பார்த்துக்கொண்டேன். விசா கிடைக்காத நாட்டிலிருந்து ஒருவர் திரையில் பேசினார். அவருக்கு இணைப்பு அறுந்துவிடக் கூடாதே என்று நான் பட்ட பதற்றம் என் சுவரொட்டி நாளில்கூடப் பட்டதில்லை. நல்லபடியாக முடிந்தது.

ஊர் திரும்பியதும் செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. புதிய இயல் வரிசையை அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும். பட்டறைக் கட்டுரையைக் கணக்கில் சேர்க்கும்படி, மதிப்பீட்டுக் கருத்துகளையும் இணைத்து, எழுத்தில் கேட்கப்போகிறேன். மனிதர்கள் பிரிக்கும் சோதனையின் முடிவுகளோடு விரிவாக்கிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். தாய்லாந்து மாணவியின் குழு தங்கள் பிரிப்பு நெறிமுறையை அனுப்பிவிட்டது. அதைத் தமிழுக்கு ஏற்ப மாற்றும் வேலையை விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டேன்.

அந்தச் சோதனைக்கு ஆள் வேண்டும். மதுரை, நெல்லை, கொங்கு, தஞ்சை, குமரி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என எந்த வட்டாரத் தமிழைப் பேசுபவராக இருந்தாலும் சரி, இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. எழுதித் தரப்படும் பேச்சு வரிகளில் உங்களுக்கு எங்கே வெட்டத் தோன்றுகிறதோ அங்கே கோடு போட்டால் போதும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பங்கேற்கும் எல்லோருக்கும் ஒப்புதல் படிவமும், சோதனை முடிந்ததும் முடிவுகளும் அனுப்பப்படும். விருப்பமுள்ளவர்கள் உங்கள் ஊரைக் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறோம்.